சின்னாறு முதல் வால்பாறை வரை: அப்பாவோடு ஐந்து நாள்

ஜூலை 3, உடுமலை – சின்னாறு

எங்கள் ஊர் உடுமலைக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஆனி பிறந்தாலே காற்று ஆரம்பித்துவிடும். காற்றாலைகள் ராத்திரி பகல் சுற்றும், தலைக்கு மேலே மேகம் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு சொட்டு விழாது. தெற்கே ஆனைமலைத் தொடர் மட்டும் கருகருவென்று மூடிக் கிடக்கும். "அங்க ஊத்துது கண்ணு" என்று எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா சொல்கிறார். எழுபது வயதாகியும் அந்த "அங்க"வுக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை.

நான் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், மலை நம்ம கண்ணுக்குத் தெரியற தூரத்துலதான இருக்கு, அங்க இருக்கற குரங்கு ஏன் இங்க வரல?" பாடப்புத்தகத்தில் இருக்கும் இரண்டு வரியை அவளிடம் சொன்னேன். சொன்ன எனக்கே அது போதவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உடுமலையில் மூணாறு பஸ். ஏறுவதற்கு முன் ஆளுக்கு ஓர் இளநீர், நாற்பது ரூபாய். ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் காடுதான், ஆனால் பசுமை இல்லை. வேலமும் ஊசிலும் கள்ளியும், இடையிடையே செம்மண்ணும். "நம்ம மேட்டாங்காடு மாதிரியே இருக்குது" என்றார் அப்பா. மலைக்குள் வந்திருக்கிறோம், வெயில் கண்ணைக் கூசுகிறது. சின்னாறு சரணாலயத்துக்கு வருடத்தில் கிடைப்பது சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வருவது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறும்போதே குளிர்ந்து தண்ணீரையெல்லாம் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்குவது வெறும் காற்று.

வனத்துறை வழியாக ஆற்றோரம் மூன்று மணி நேர நடை. வழிகாட்ட வந்தவர் முதுவர் குடியைச் சேர்ந்த அண்ணன். அவர் பேசும் தமிழ் எங்கள் கொங்குத் தமிழுக்கு அவ்வளவு தூரமில்லை, அப்பாவோடு உடனே ஒட்டிக்கொண்டார். அரைமணி நடந்திருப்போம், என் இடது ஷூவின் அடி முழுசாகக் கழன்று வந்துவிட்டது. அண்ணன் ஒரு கொடியை உரித்து நார் எடுத்து, முடிச்சு வெளியில் தெரியாமல் கட்டிக் கொடுத்தார். அந்தக் கட்டு ஊர் வந்து சேரும்வரை அவிழவில்லை.

ஆற்றங்கரையில் நீர்மருது மரங்கள். நான்கு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். ஒன்றின் உச்சியைக் காட்டி அண்ணன் உதட்டில் விரல் வைத்தார். சாம்பல் மலை அணில். பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கியபடி, முன்னங்கைகளில் ஒரு காயைத் திருப்பித் திருப்பிக் கொறித்துக்கொண்டிருந்தது. உடம்பு அளவுக்கு வால். ரோமத்தின் நுனியெல்லாம் வெளுத்து, நரைத்த தலையைப் போல இருந்தது. தோல் துணுக்குகள் என் தோள்மேல் விழுந்தன. பத்து நிமிஷம் அப்படியே நின்றோம்.

"இது ஆத்த விட்டுத் தள்ளி வராதுங்க" என்றார் அண்ணன். "கிளைக்குக் கிளை தாவிப் போற சீவன். அங்கிட்டுப் பாருங்க, ஒரு மரத்துக் கிளை இன்னொரு மரத்தத் தொடுதா?" திரும்பிப் பார்த்தேன். ஐம்பதடிக்கு அப்பால் முள்மரங்கள் ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாக நின்றன. சரணாலயம் 90 சதுர கிலோமீட்டர், அணிலுக்குக் கிடைத்தது ஆற்றின் இரண்டு கரையும்தான். இந்தியாவில் இந்த அணில் இருக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்னொன்று ஸ்ரீவில்லிபுத்தூர், அதுவும் மலையின் கிழக்குப் பக்கம்.

ராத்திரி மறையூரில் நாங்கள் பணம் கட்டி வைத்திருந்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பணம் திரும்பி வந்தது, படுக்க இடம் இல்லை. எதிரே டீக்கடை வைத்திருந்த அக்கா, "பெரியவர வெச்சுக்கிட்டு எங்க அலைவீங்க" என்று தன் வீட்டு மாடியைத் திறந்துவிட்டார். காசு வேண்டாம் என்றார். காலையில் அவர் பேத்தியின் கையில் இருநூறு ரூபாய் வைத்துவிட்டு வந்தோம்.

ஜூலை 4, மறையூர் – மூணாறு

மறையூர் கேரளாவில் இருந்தாலும் தெருவில் தமிழ்தான் கேட்கிறது. அஞ்சுநாடு என்று பழைய பெயர். காலையில் அக்கா கடையில் புட்டும் கடலைக்கறியும், இரண்டு பேருக்கு நூறு ரூபாய். அப்பா புட்டை முதலில் சந்தேகமாகப் பார்த்தார், அப்புறம் இன்னொரு குழல் கேட்டார்.

சாலையோரம் சந்தன மரங்களைச் சுற்றிக் கம்பிவலை போட்டிருக்கிறார்கள். கேரளாவில் சந்தனம் இப்படிக் காடாக இயற்கையில் நிற்பது இந்த மழைமறைவுப் பள்ளத்தாக்கில்தான். சந்தனம் தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டவைத்து அதிலிருந்தும் சத்து எடுத்துக்கொள்ளும். அண்டை மரம் இல்லாமல் தனியாக வளர்த்தால் தேறாது. அப்பா வீட்டு வாசலில் இரண்டு முறை சந்தனக் கன்று வைத்து இரண்டு முறையும் பட்டுப்போனது. "பக்கத்துல தொவரச் செடி ஒண்ணு ஊனியிருக்கணும்" என்று தானே சொல்லிக்கொண்டார்.

கரும்பு ஆலையில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சூடு ஆறும் முன் கையாலேயே உருண்டை பிடிக்கிறார்கள். பிடிக்கிறவர்களின் உள்ளங்கை செப்புத் தகடு போலத் தடித்திருந்தது. கிலோ நூறு ரூபாய், மூன்று கிலோ வாங்கினோம்.

மதியம் மூணாறு பஸ்ஸில் நடந்ததை மறக்க மாட்டேன். மறையூரில் ஏறும்போது சுள்ளென்று வெயில். தலையாறு எஸ்டேட் பக்கம் ஏறும்போது தேயிலையும், காற்றில் ஒரு குளிர்ச்சியும். வாகுவாரை நெருங்கியபோது ஒரு வளைவு. வளைவுக்கு இந்தப் பக்கம் காய்ந்த தார்ச்சாலை, அந்தப் பக்கம் மழை. கதவு வைத்து அடைத்த மாதிரி. அப்பா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நனைந்த கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "எல்லை இங்கதானா?" என்று கேட்டார். நேற்று ஒன்பதாறிலும் சின்னாறிலும் இரண்டு அரசுகளின் சோதனைச் சாவடிகளைத் தாண்டியபோது வராத கேள்வி.

ஜூலை 5, ராஜமலை

ராத்திரி முழுக்க மழை. அப்பாவுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. கட்டன்சாயாவில் இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்துவிட்டு, வேண்டாம் என்றாலும் கேட்காமல் கூடவே வந்தார்.

இரவிகுளம் தேசியப் பூங்கா 97 சதுர கிலோமீட்டர். நம்மைப் போன்றவர்கள் போக முடிவது ராஜமலைப் பக்கம் மட்டும். அஞ்சாம் மைலில் வரிசை நீளமாக இருந்தது. முன்னால் நின்ற கண்ணூர்க் குடும்பம் அப்பா தும்முவதைப் பார்த்துத் தங்கள் பெரிய குடைக்குள் அவரை இழுத்துக்கொண்டது. மொழி புரியாமலே அந்த வீட்டுப் பாட்டியும் அப்பாவும் அரைமணி நேரம் மூட்டுவலியைப் பற்றிப் பேசினார்கள்.

வனத்துறை பஸ்ஸில் இறங்கி நடக்கத் தொடங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. காற்று என் குடையைத் திருப்பிக் கம்பியை முறித்தது. அப்போது பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு இருமல் மாதிரிச் சத்தம். மூட்டம் நகர்ந்ததும் வரையாடு நின்றது, பாதைச் சுவரிலிருந்து இரண்டு கை தூரத்தில். பெண் ஆடு. காலடியில் சில மாதக் குட்டி. ரோமத்தின் ஒவ்வொரு நுனியிலும் ஒரு நீர்த்துளி. குட்டி ஈரப்பாறையில் செங்குத்தாக நாலு எட்டு ஏறி, திரும்பி எங்களைப் பார்த்தது. எனக்கு நிற்பதே வழுக்கிய பாறை அது. வரை என்றால் மலை. இந்த உயிருக்கு நம் ஆட்கள் வைத்த பெயரிலேயே அதன் முகவரி இருக்கிறது.

பெயர் ஆடு, தோற்றம் இமயத்தின் தார் ஆட்டைப் போல. ஆனால் 2005இல் மரபணுவை ஒப்பிட்டபோது இதற்கு நெருங்கிய உறவு செம்மறி இனம்தான் என்று தெரிந்து, தனிப் பேரினமாகவே வைத்துவிட்டார்கள். செம்மறிக்கு உறவான ஒன்று தென்கோடியில் மலை உச்சிகளில் மட்டும் எப்படி மாட்டிக்கொண்டது?

விடை புல்லில் இருக்கிறது. ராஜமலையில் மேடெல்லாம் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் குட்டை மரங்கள் அடர்ந்த சோலை. ஓடை உள்ள பள்ளத்தில் சோலை, அதைத் தாண்டி ஒரு மரமும் இல்லை. மார்கழி, தை உறைபனி திறந்தவெளியில் சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடும், புல் தாங்கிக்கொள்ளும். காட்டை யாரோ வெட்டியதால் வந்த புல்வெளி இது என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் முன்பு நினைத்திருக்கிறேன். நீலகிரியின் சதுப்பில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை ஆராய்ந்து, ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வேறு கதையைச் சொன்னார்கள். இருபதாயிரம் வருடங்களுக்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது. பூமி குளிர்ந்து வறண்டபோது புல் பரவியது, ஈரம் கூடியபோது காடு பரவியது. பூமி குளிர்ந்து கிடந்த அந்தக் காலத்தில் வரையாட்டின் வீடு இன்னும் பெரிதாக இருந்திருக்கும். வெப்பம் கூடக்கூடப் புல்வெளி உச்சிக்கு ஒதுங்கியது, ஆடும் கூடவே ஒதுங்கியது.

அப்பாவிடம் ஆனைமுடியின் திசையைக் காட்டினேன், மேகம்தான் தெரிந்தது. 2,695 மீட்டர், தென்னிந்தியாவில் இதைவிட உயரம் இல்லை. அந்த உச்சியைச் சுற்றி மட்டும் செக்கச்செவேலென்று ஒரு சின்னத் தவளை வாழ்கிறது. 2010இல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது, முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளையே வரும். உலகத்தில் வேறெங்கும் இல்லை.

"இன்னும் சூடாச்சுன்னா?" என்று கேட்டார் அப்பா. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி அளவுக்குக் குளிர் கூடும், அதனால் கீழே வாழ்கிறவை சூடு கூடக்கூட மேலே நகரலாம் என்றேன். "அது செரி, உச்சீல இருக்கறது எங்க போகும்?" எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இதை எழுதும்போதும் அந்தக் கேள்வி நெஞ்சில் கனக்கிறது.

இறங்கும்போது ஒரு சோலையோரம் நீலமும் சாம்பலுமாக ஒரு சிறிய பறவை தரையில் தத்தியது. சோலைக்கிளி. கிளி என்று பெயர், கிளி இல்லை. ஆங்கிலத்திலும் இப்போது இந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். வெள்ளை வயிறு தெரிந்த கணத்தில் சோலைக்குள் நுழைந்துவிட்டது.

ஜூலை 6, மூணாறு – பொள்ளாச்சி

நாள் முழுக்க பஸ். சின்னாற்றுக்கும் வால்பாறைக்கும் நேர்கோட்டில் சுமார் முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் சாலை வழியே உடுமலை, பொள்ளாச்சி என்று சுற்றினால் நூறுக்கு மேல். அதே வளைவில் மழை நின்றது. மறையூரில் இறங்கி அக்கா கடையில் டீ குடித்தோம், பன்னிரண்டு ரூபாய். அப்பாவின் சளிக்கு அவர் ஒரு பொட்டலம் மிளகு கொடுத்தார்.

பொள்ளாச்சி வந்ததும் மறுபடி காற்று. மேற்கே மலை இல்லை. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். 1,600 கிலோமீட்டர் நீளத் தொடரில் சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த பெரிய இடைவெளி. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நேற்றுப் பார்த்த வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி தெற்கில்தான் உண்டு, நீலகிரியில் இருப்பது வேறு இனம். சிரிப்பான் குருவியும் அப்படியே: வடக்கே நீலகிரிச் சிரிப்பான், தெற்கே பழனிச் சிரிப்பான், செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி அகத்தியமலைப் பக்கம் இன்னொன்று. சிறகு இருந்தும் தாண்டவில்லை. குளிர்ந்த சோலையில் பிறந்து வளர்ந்த குருவிக்கு, கீழே கிடக்கும் இந்த வெக்கையான சமவெளி கடலுக்குச் சமம். இரண்டு கரையிலும் தனித்தனியாக வாழ்ந்து காலப்போக்கில் ஆளுக்கொரு இனமாகிவிட்டன.

அப்பாவுக்கு இதைவிடப் பிடித்தது ஊதாத் தவளையின் கதை. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து, இனம் பெருக்க மட்டும் வருடத்தில் சில நாள் மேலே வரும் பன்றிமூக்குத் தவளை. 2003இல் உலகுக்குத் தெரியவந்தது. அதன் நெருங்கிய சொந்தம் இந்தியப் பெருங்கடல் நடுவே செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது. அந்தத் தீவுகளும் இந்தியாவும் ஒரே நிலமாக இருந்த காலத்து உறவு. 2017இல் மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இரண்டாவது இனத்தைக் கண்டுபிடித்தார்கள். மேற்கே இருப்பது தென்மேற்கு மழை தொடங்கும்போது முட்டையிட வருகிறது, கிழக்கே இருப்பதற்கு வேறு பருவம். "அவிய ஆடிப் பட்டம், இவிய ஐப்பசிப் பட்டம்" என்றார் அப்பா. அடுத்த வாரம் வகுப்பில் இதை அப்படியே சொல்லப் போகிறேன்.

ஜூலை 7, வால்பாறை

ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவதில் நின்று பார்த்தபோது கீழே அணை வெயிலில் மின்னியது. முப்பதைத் தாண்டியதும் சாலையே தெரியாத மழை. வால்பாறையில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. காற்று இங்கேதான் தன் மூட்டையை இறக்கி வைக்கிறது. கடைத்தெருவில் எல்லோரும் ரப்பர் செருப்பு. நார் கட்டிய ஷூவோடு நின்ற என்னைப் பார்த்து, பேக்கரிக்காரர் உப்பும் புகையிலைத் தூளும் கலந்த சின்னத் துணிமுடிச்சு ஒன்றைக் கொடுத்தார், அட்டைக்கு.

புதுத்தோட்டம் பக்கம் நடந்தோம். தேயிலை நடுவே மிச்சம் விட்ட துண்டுக் காடு. பத்து நிமிஷத்தில் அட்டை ஏறியது. அப்பாவின் கணுக்காலில் மூன்று. அவர் பதறவில்லை, முடிச்சால் தொட்டுத் தொட்டு உதிர்த்தார்.

அப்புறம் சோலைமந்தி. முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, கறுப்பு உடம்பு, வால் நுனியில் சிங்கத்தைப் போலக் குஞ்சம். பத்துப் பன்னிரண்டு இருக்கும். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் ஒரு பட்டையான பாலம் கட்டியிருந்தார்கள். தீயணைப்புக் குழாயின் கேன்வாஸ் துணி அது. கீழே லாரி ஒன்று சீறிப்போனது. மேலே ஒரு தாய், வயிற்றில் குட்டி தொங்க, நனைந்த அந்தப் பட்டையில் நடந்து தாண்டியது. பாதியில் நின்று உள்ளங்கைத் தண்ணீரை நக்கிவிட்டு மறுபடி நடந்தது.

சின்னாற்று அண்ணன் கேட்டது நினைவுக்கு வந்தது: கிளை கிளையைத் தொடுதா? மாணவிக்கு இனி என்னால் பதில் சொல்ல முடியும். இந்தக் குரங்கு மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழ்வது. வெடிப்பலா போன்ற மரங்கள் மாறிமாறிப் பூவும் காயும் தந்தால்தான் வருடம் முழுக்க வயிறு நிறையும். எங்கள் ஊரில் மாசியிலிருந்து வைகாசி வரை அதற்கு என்ன கிடைக்கும்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகக் காடுகளை அளந்து கண்டதும் இந்த வழியில்தான் போகிறது. மொத்த மழையின் அளவைவிட, மழையே இல்லாத மாதங்கள் எத்தனை என்பதுதான் பெரிய கணக்கு. கர்நாடகத்து ஆகும்பேயில் இங்கே பெய்வதைவிட அதிகம் கொட்டும், ஆனால் அங்கே வறட்சி நீளம். தெற்கே வரவர வறண்ட மாதங்கள் குறையும், இந்த மலைக்கே உரிய மரவகைகள் கூடும். அப்பாவிடம் சொன்னபோது, "பயிர எது கொல்லுதுன்னு கேளு, எது வளத்துதுன்னு அப்பறம் கேளு" என்றார்.

திரும்பும் வழியில் ஒரு மலை அணில். சின்னாற்றில் பார்த்ததன் சொந்தம், ஆனால் முதுகு செம்பழுப்பு, வயிறு வெளிர் மஞ்சள். நரைத்தது அந்தப் பக்கம், சிவந்தது இந்தப் பக்கம். நடுவில் ஒரு மலையும் அது தடுத்து வைத்த மழையும்.

ஜூலை 8, வீடு

மதியம் ஊர் வந்தோம். வீட்டுக்குப் பின்னால் அமராவதி வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனைமுடிச் சரிவில் பெய்வது பாம்பாறாகி, சின்னாறு வழியாகக் கிழக்கே இறங்கி அமராவதி அணைக்குத்தான் வருகிறது. அப்பா வாய்க்கால் படியில் இறங்கிக் கால் கழுவினார். கணுக்காலில் மூன்று அட்டைக்கடித் தழும்பு.

பையில் வால்பாறையில் நனைந்த துண்டு, லாட்ஜில் ராத்திரி முழுக்க ஃபேனுக்கு அடியில் போட்டும் காயாதது. கொடியில் போட்டேன். உள்ளே போய் மறையூர் வெல்லம் தட்டிப் போட்டு இரண்டு டம்ளர் காபி கலந்து எடுத்து வந்தேன். அதற்குள் துண்டு மொடமொடவென்று காய்ந்து, காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.